அப்பாவின் மூக்கு

சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிறெங்கும் பரவிய பிறகுதான் அக்காவிடம் டாக்டர் மரபணுவைப் பற்றிப் பேசினார். அம்மா வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை. அதனால் இது பரம்பரையாக வந்திருக்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

"செல்லுக்குள்ள ஏற்படுற சேதத்தைச் சரி பண்ற மரபணு ஒண்ணு இருக்கு. சில குடும்பத்துல அது பழுதா இருக்கும். உங்க ரத்தத்துல அந்தப் பழுதைக் கண்டுபிடிச்சா, தங்கச்சிகிட்டயும் அதைத் தேடிப் பார்க்கலாம்," என்றார் டாக்டர்.

அக்கா தையற்காரி. "பிரிஞ்ச தையலைப் போடுற ஆளு லீவுல போயிட்டான்னு சொல்றீங்க," என்றபடி கையை நீட்டினாள். குத்திக் குத்தி, ஊசி ஏற நரம்பே கிடைக்காத கை.

பழுது இருந்தது. அது அப்பாவிடமிருந்து வந்திருந்தது. இளவயதில் வயிற்றுக்கட்டியால் இறந்த, அப்பாவுடன் பிறந்த அத்தையின் நினைவு எங்களுக்கு அப்போதுதான் வந்தது. பஸ் மெக்கானிக்கான அப்பா, கட்டிலருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் குடுத்ததாம்மா இது."

"இந்தக் குடைமிளகா மூக்கையும்தான் ரெண்டு பேருக்கும் குடுத்தீங்க. கேஸா போட்டோம்?" என்றாள் அக்கா.

அப்பா சிரித்துக்கொண்டே அழுதார்.

நான் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியாமலே இருந்துட்டுப் போறேன்க்கா."

"ஏண்டி எருமை, எனக்கு உதவாதுன்னு தெரிஞ்சே கையை நீட்டினேன். நீ என்னடான்னா முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கறே," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு ஒருத்தியாவது மிஞ்சணும்டி."

மறுநாள் ரத்தம் கொடுத்தேன். முடிவு வருவதற்குள் அக்கா போய்விட்டாள். எனக்கும் அதே பழுது.

காரியங்கள் முடிந்ததும், நோய் வருமுன் தடுக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதித்த முடிவைக் கேட்க அப்பாவும் கூட வந்தார்.

"ஒரு குழாயோட நுனியில புற்று ஆரம்பிச்சிருக்கு. ஸ்கேன்ல கூடத் தெரியாத அளவு. வேற எங்கேயும் பரவலை. நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டர்.

நானாகவா வந்தேன்? திட்டித் திட்டி என்னை அங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அக்கா.

வெளியே பெஞ்சில் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"மூக்கை மட்டும் விட்டுட்டாங்கப்பா."

அக்கா போன பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.