ஆறு வயதுப் பஞ்சு

பைகால் ஏரியின் அடியில் பச்சை மரங்களைப்போலக் கிளைவிட்டு நின்ற, கடற்பஞ்சு இனத்து நன்னீர்ப் பஞ்சுகளெல்லாம் அழுகத் தொடங்கி ஆறு வருடமாகிவிட்டது. ஆய்வு நிலையத்துக்காக முங்கும் செசெக்மாவும் ஆறு வருடமாகத் தேடிப் பார்த்து வெறுங்கையோடுதான் ஏறுகிறாள். இன்று கடைசி முங்கல். உயிரோடு ஒன்றைக் காணாவிட்டால், இந்தக் குடாவில் பஞ்சு அழிந்தது என்று ஆய்வு நிலையம் எழுதி மூடிவிடும்.

பனிக்கட்டியில் வெட்டிய துளையருகே மாமியார் ஹந்தமா கறுத்துப்போன வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். புத்தாண்டான வெள்ளை மாதப் பண்டிகைக்கு அதில்தான் பால் ஊற்ற வேண்டும்.

"ஏண்டி, கிண்ணம் தேய்க்க ஒரு துண்டுப் பஞ்சு கொண்டாரத் துப்பில்ல உனக்கு. எங்க காலத்துல அலையே கரையில கொண்டாந்து போடும்."

"இருந்தாத்தானே அத்தை கொண்டுவர?"

கயிற்றைப் பிடித்திருந்த கணவன் ஸோரிக்தோ சிரித்தான். "அம்மா, முங்குறதுக்கு முன்னாடியே அவளப் பேசி உறைய வச்சிராத."

பதினைந்து மீட்டர் ஆழத்திலிருந்து அண்ணாந்தால்கூட மாமியாரின் நரித்தோல் தொப்பி தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. பாறைகளில்தான் அழுகிய பஞ்சின் பழுப்புச் சளி. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, பஞ்சில் மட்டுமே ஒட்டி வாழும் குட்டி இறால் ஒன்று பாறையிடுக்குக்குள் நுழைந்தது. அவள் விளக்கை உள்ளே நீட்டினாள்.

பச்சை. ஒரே ஒரு விரல் நீளம். வருடத்துக்கு நகமளவுதான் வளரும் பஞ்சு அது. மற்றவை அழுகத் தொடங்கிய வருடத்தில் இது பிறந்திருக்கிறது.

படம் எடுத்தாள். இடுப்பில் கத்தி இருந்தது, அதைத் தொடவில்லை. சந்தோஷம் தாங்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை இழுத்தால் நலம், விடாமல் இழுத்தால் ஆபத்து என்பது மறந்தே போயிற்று. ஸோரிக்தோ பதறிப்போய் அவளை மேலே தூக்கிப் போட்டான்.

"பைத்தியமா உனக்கு? என் உசுரே போயிருச்சு."

"இருக்கு," என்று விரலைக் காட்டி அழுதாள். "இத்தனூண்டு. உயிரோட இருக்கு."

ஹந்தமா எட்டிப் பார்த்தாள். "வெட்டிக் கொண்டாந்தியா?"

"இல்ல அத்தை."

"என்ன வயசிருக்கும்?"

"ஆறு."



"ஆறு வயசுப் பிள்ளைய யாராவது பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுவாங்களா?" என்று கிழவி முணுமுணுத்தபடி எழுந்து, கூடாரத்து அடுப்பிலிருந்து ஒரு கை சாம்பலை அள்ளிவந்து கிண்ணத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.