கண்ணாடி மாளிகையில் பதிந்த கை

விடுமுறை நாள் என்பதால் ஊரே திரண்டு வந்து பூங்காவில் குவிந்திருந்தது. ராட்சத ராட்டினத்துக்கு ஒரு வரிசை, ஆடும் கப்பலுக்கு ஒரு வரிசை, காசு கொடுத்துப் பயந்துவிட்டு வருவதற்குப் பேய் வீட்டு வாசலில் ஒரு வரிசை. இந்த நகரத்தில் பார்க்க வேண்டிய இடம் எது என்று யாரைக் கேட்டாலும் இந்தப் பூங்காவைச் சொல்வார்கள், அதிலும் கண்ணாடி மாளிகையைத் தவற விடாதீர்கள் என்பார்கள். மாளிகை வாசலில் ஒரு பெரிய பலகை தொங்கும்: ‘சிரித்தபடி தொலைந்து போங்கள்.’ அதை எழுதிய புண்ணியவான் வாழ்க்கையில் ஒருநாளும் தொலைந்து போனவனாக இருக்க மாட்டான்.

அந்த மாளிகைக்குள்தான் கண்ணாடி அக்காவின் தங்கை காலையிலிருந்து ஒளிந்திருந்தாள்.

கண்ணாடி அக்கா என்பது பூங்கா வைத்த பெயர். வேலை, துடைப்பது. உள்ளே போகிறவர்கள் எது வழி, எது கண்ணாடி என்று தெரியாமல் கையை நீட்டித் தடவிக்கொண்டே போவார்கள். தடவிய இடமெல்லாம் கை பதியும். கை பதிந்திருந்தால் அது கண்ணாடி, இல்லாவிட்டால் வழி. துடைக்காமல் விட்டால் மத்தியானத்துக்குள் சின்னப் பிள்ளைகூட மாளிகையை ஏய்த்துவிட்டு வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கூட்டம் வெளியேறியதும் அவள் துணியும் தெளிப்பான் பாட்டிலுமாக உள்ளே போய், பதிந்த கைகளையெல்லாம் அழித்துவிட்டு வருவாள்.

மாளிகையின் நடுவில் ஒரு கண்ணாடி மட்டும் கதவு. அடிமூலையில் கால் பெருவிரலால் அழுத்தினால் உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே வாளி, துடைப்பம், மாற்று விளக்குகள், ஒரு ஆள் ஒடுங்கி உட்கார இடம். அங்கேதான் சின்னவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் உதடு வீங்கி, கையில் ஒரு பையோடு பின்வாசலில் வந்து நின்றாள். அக்காவின் வீட்டுக்குப் போகவில்லை. புருஷன் முதலில் தேடி வருவது அங்கேதான். முன்பும் ஓடி வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவன் பின்னாலேயே வந்து, அழுது, காலில் விழுந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். போன தடவை வீடு போய்ச் சேர்ந்த அன்றே, “கதவைத் தொறந்த கை இதுதானே?” என்று கேட்டுக்கொண்டே மோதிர விரலைப் பிடித்து முறித்தான். எலும்பு கூடிவிட்டது. விரல் நேராகவில்லை. பக்கத்து விரலின் மேல் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

“சாயங்காலம் சலவைத் துணி வேன் பின்வாசல் வழியாப் போகும். அதுல ஏறிடு,” என்றாள் அக்கா. “டிரைவரம்மா நல்லவங்க, ரயிலடியில எறக்கி விட்டுருவாங்க. அதுக்கப்புறம் எங்க போறேன்னு எங்கிட்டகூடச் சொல்லாத.”

“உங்கிட்டகூடவா?”

“எங்கிட்டதான் மொதல்ல சொல்லக்கூடாது. அவன் முன்னாடி உக்காந்து அழுதான்னா எனக்கு மனசு தாங்காது, உளறிடுவேன். போன தடவையும் நான்தானே சொன்னேன்.”

சின்னவள் அக்காவின் முந்தானையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள்.

சாயங்காலம், வேன் வந்து பின்வாசலில் நிற்கிற நேரத்துக்கு அவன் வந்துவிட்டான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். அவனைக் கண்டதும், “வாங்க மாப்பிள்ளை,” என்று பழக்க தோஷத்தில் அக்காவின் வாய் சொல்லிவிட்டது.

“நல்லா இருக்கீங்களா அண்ணி? வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. அவ இங்க வந்தாளா?”

“வரலையே. ஏன், வீட்ல இல்லையா?”

பொய் சொல்லவும் ஒரு தேர்ச்சி வேண்டும், அது அவளுக்கு இல்லை. வாய் வரலையே என்றது, கண் மாளிகைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தது. அவனுக்கு அது போதும்.

“நீங்க வேலை பாக்குற எடத்த இதுவரைக்கும் பாத்ததே இல்ல பாருங்க,” என்று சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கினான்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கு விசில் என்று பெயர். விசில் ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், மறுபடி ஊதினால் வெளியே வரும். அவனோடு உள்ளே போன கூட்டத்தில் எல்லாரும் வெளியே வந்தார்கள், அவன் மட்டும் வரவில்லை. அக்கா துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன்தான் நின்றான். வலப்பக்கம் பத்துப் பேராக, இடப்பக்கம் பத்துப் பேராக, எல்லாரும் ஒரே சட்டையில். அவன் அவசரப்படவில்லை. கை பதிந்த கண்ணாடிகளைப் பார்த்து, பதியாத இடத்தில் கால் வைத்து நடந்தான். அவள் அவனை முந்திக்கொண்டு துடைத்தாள். பாட்டில் இரண்டு தரம் நழுவியது.

“எதுக்கு அண்ணி இவ்வளவு அவசரமாத் தொடைக்கிறீங்க?” என்றான் அவன். “நான் ஒருத்தன்தானே இருக்கேன்.”

நடுவுக்கு வந்துவிட்டான். அந்தக் கதவுக் கண்ணாடியை மட்டும் அவள் காலையிலிருந்து தொடவே இல்லை. துடைக்கிற அழுத்தத்தில் திறந்துகொண்டால் என்ன செய்வது என்ற பயம். சுற்றிலும் எல்லாம் பளிச்சென்றிருக்க அது ஒன்று மட்டும் கைகளால் மங்கிக் கிடந்தது. அவன் அதன் முன் நின்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு குந்தினான்.

கீழே, ஓரத்தில், ஒரே ஒரு கை. உள்ளே ஒடுங்கி உட்காரும்போது சின்னவள் வெளிப்பக்கம் ஊன்றிய கை. எல்லா விரலும் நேராக இருக்க, மோதிர விரல் மட்டும் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து பதிந்திருந்தது.

அவன் ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தான்.

“வெளிய வா கண்ணு,” என்றான் மெதுவாக. “உன்னால அண்ணி வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. நல்ல பிள்ளையா வந்துரு.”

உள்ளே வாளி ஒன்று அசைந்து சத்தம் கேட்டது.

அவன் எழுந்து கண்ணாடியின் நடுவில் தள்ளிப் பார்த்தான், நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தான். “தொறங்க அண்ணி.”

“சாவி ஆபீஸ்ல இருக்கு மாப்பிள்ளை.”

“எடுத்துட்டு வாங்க. நான் எங்கயும் போகல.”

அவள் வெளியே ஓடி வந்தாள். வாசலில் ஒரு கல்லூரிக் கூட்டம் கத்திக்கொண்டு நின்றது.

“அண்ணே, இவங்க அத்தனை பேரையும் ஒண்ணா உள்ள விடுங்க. விட்டுட்டு லைட்ட அணைச்சிருங்க.”

“ஏம்மா, வேலை போயிடும்மா,” என்றார் விசில்.

“போகட்டும்.”

விசில் அவள் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஊதினார்.

விளக்கு அணைந்ததும் மாளிகை அதிர்ந்தது. டிக்கெட்டுக்குள் இதுவும் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் யார் குரலும் யாருக்கும் கேட்கவில்லை. அக்காவுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. எத்தனையோ வருஷமாக நடந்த தரை, காலுக்குத் தெரியும். முட்டி மோதி நடுவுக்கு வந்தாள். கூட்டம் அவனை எங்கோ தள்ளிக்கொண்டு போயிருந்தது. “தள்ளுங்கடா,” என்று அவன் திட்டுவது பக்கவாட்டில் கேட்டது. பெருவிரலால் அழுத்தினாள். கதவு ‘டக்’கென்று திறந்தது.

“அக்கா?”

“எந்திரி. எடது கையால கண்ணாடியத் தடவிக்கிட்டே போ. கைய எடுக்காத, கொஞ்ச தூரத்துல வெளிய வெளிச்சம் தெரியும். பின்வாசல், வேன். ஓடு.”

சின்னவள் அவளைத் தாண்டிப் போனாள். அந்த ‘டக்’ சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது. இருட்டில் காற்றைத் துழாவிக்கொண்டு அவன் கை வந்தது. அவன் மூச்சு அக்காவின் கன்னத்தில் பட்டது. இன்னும் ஓரடி நீட்டினால் சின்னவளின் தோள். அக்கா யோசிக்கவில்லை. தன் கையை அந்தக் கைக்குள் திணித்தாள்.

“மாட்டினியா?” என்றான்.

இறுக்கிப் பிடித்தான். அவள் மூச்சை அடக்கி நின்றாள். அவன் கட்டைவிரல் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்து மோதிர விரலில் நின்றது. அது நேராக இருந்தது.

“ச்சே,” என்று கையை உதறிவிட்டு வேறு பக்கம் பாய்ந்தான்.

தங்கையின் விரலை அவன் வெறும் கோபத்தில் முறிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாட்டுக்குச் சூடு வைப்பது போல அடையாளம் வைத்திருக்கிறான்.

விளக்கு வந்தது. பிள்ளைகள் சிரித்து ஓய்ந்து வெளியேறினார்கள். பதிந்த கைகளைப் பார்க்கக்கூட நிதானமில்லாமல் அவன் மட்டும் உள்ளே ஒவ்வொரு கண்ணாடியிலும் முட்டிக்கொண்டிருந்தான். நெற்றி புடைத்துவிட்டது. “அண்ணி, வழி காட்டுங்க,” என்று கத்தினான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் உடனே போய்க் கூட்டி வர வேண்டும் என்பது மாளிகை விதி. பின்வாசலில் வேன் கிளம்பிப் போன சத்தம் முழுக்கத் தேயும்வரை அவள் துணியும் கையுமாக நின்றுவிட்டுத்தான் போய்க் கூட்டி வந்தாள்.

“எங்க அவ?”

“தெரியாது மாப்பிள்ளை.”

அவன் அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதான். நிஜமான அழுகை, அதுதான் அவனிடம் உள்ள கொடுமை. “ஒரே ஒரு தடவை சொல்லுங்க அண்ணி, அவ இல்லாம என்னால முடியல.” அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. எந்த ஊர், எந்த ரயில் என்று ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாளோ என்று தன்னை நினைத்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

“சத்தியமாத் தெரியாது,” என்றாள். “இனிமே எனக்கும் அவ இல்ல.”

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான், நம்பினான். “நாளைக்கும் வருவேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

“அடுத்த கூட்டம் நிக்குதும்மா,” என்றார் விசில்.

அவள் உள்ளே போய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கடைசியாக நடுக் கண்ணாடிக்கு வந்தாள். கீழே ஆப்பிள் பை அப்படியே கிடந்தது. சின்னவளின் கைமேல் அவனுடைய கை பெரிதாகப் பதிந்திருந்தது. அவன் விரலிடுக்கில் அந்தச் சாய்ந்த விரல் மட்டும் தெரிந்தது. குந்தி உட்கார்ந்து, துணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, அவன் கையை மட்டும் அழிக்கப் பார்த்தாள். அது தனியாக அழியவில்லை.

வெளியே விசில் சத்தம் கேட்டது. தங்கையினுடையது என்று இனி அவளிடம் இருந்தது அந்த ஒரு கைதான். பாட்டிலை எடுத்துத் தெளித்து, அதையும் அவளே துடைத்தாள்.