வெள்ளைத் தண்ணீர் வரும்வரை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்துவிட்டேன் என்ற பேச்சு வேண்டாம். என் காரின் பானெட்டில் மேற்பூச்சு உரிய ஆரம்பித்தது. மேற்பூச்சு என்றால் நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும் நிறமில்லாத பூச்சு. கடையில் கிளியர் கோட் என்று கேட்க வேண்டும். பல வருஷம் வெயில் குடித்ததில் அது ஆறின பாலின் ஆடை மாதிரி ஓரம் சுருண்டு எழும்பியிருந்தது. பெயின்ட் கடைக்காரரிடம் போனேன். வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாள், டேப், ஸ்பிரே டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“தண்ணி விட்டுத் தேயுங்க. வெள்ளையா தண்ணி ஓடுற வரைக்கும் கவலையில்ல, மேற்பூச்சுதான் தேயுது. கலர் தண்ணி வந்தா கைய எடுத்துடுங்க. அதுக்கப்புறமும் தேச்சா அது உங்க தப்பு.”

அதற்கப்புறமும் தேய்த்தேன். பானெட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். கதை வந்தது. எழுதுகிறவர்களின் கார்கள் பார்க்க லட்சணமாக இல்லாததற்கு இதுதான் காரணம்.

2

எழுதி அடித்த முதல் வரிகள்:

“அன்று விடுமுறை. இளவெயில் இன்னும்...” (வெயிலில் ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.)

“அவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான்...” (யார் நம்புவார்கள்?)

“பல்செட்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பானெட்டைத் தேய்க்க உட்கார்ந்தார்.” (பானெட்டை உட்கார்ந்து தேய்க்க முடியாது. ‘குனிந்தார்’ என்று மாற்றி வாசிக்கவும்.)

இது இருக்கட்டும்.

பல்செட்காரர் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்வரிசை செய்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பவர். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக அதே லேப், அதே மேஜை. பல்வரிசையின் உள்பக்கம் மயிரிழை அளவு மேடிருந்தாலும் ஈறு புண்ணாகிவிடும். அந்த மயிரிழையை அவர் கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

போன மாதம் ஒரு பல்வரிசை திரும்பி வந்தது. கூடவே, ‘குத்துகிறது’ என்று ஒரு சீட்டு. முப்பது வருஷத்தில் முதல் தடவை. வீட்டில் அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளவுமில்லை. இரண்டு நாள் கழித்து மனைவியிடம், “கை முன்ன மாதிரி இல்லையோ?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் பேச்சை மாற்றிவிட்டார்.

அதனால்தான் காரின் பானெட்டைக் கடைக்குக் கொடுக்காமல் தானே சரிசெய்வதாகக் கிளம்பினார். “பல்லுக்கே மெருகேத்துறவன், தகரத்துக்கு ஏத்த மாட்டேனா?” என்றார். முகத்தில் அத்தனை நாள் கழித்து ஒரு தெளிச்சி. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் பயந்தாள்.

3

ஏன் பயந்தாள் என்று சொல்ல வேண்டும்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவாள். ஆகவே காரை ஓட்டுவது அவள்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பல்செட்காரர் காரைக் காட்டுவார். “பதினாலு வருஷமா ஓட்டுறா. ஒரு கீறல் உண்டா, நீங்களே பாருங்க!” முக்கியமாகத் தன் அக்காவிடம். கார் வாங்கிய அன்று, “இவ கையில குடுத்தா ஆறே மாசத்துல காயலான் கடைதான்” என்றவர் அந்த அக்கா. அவர் எப்போது வந்தாலும், காரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிய பிறகுதான் தம்பி வீட்டுக்குள் விடுவார்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, கணவர் நாலு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தபோது, நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்பலகைக்கு அடியில் அவள் காரின் மூக்கை நுழைத்துவிட்டாள். (ஓடுகிற லாரி என்று எழுதிப் பார்த்தேன். அவளுக்கு அனுதாபம் கூடியது. அநியாயமாக இருந்ததால் லாரியை நிறுத்திவிட்டேன்.) பானெட் நடுவில் மடங்கியது. அவளுடைய அண்ணன் கார் ஒடுக்கெடுக்கும் பட்டறை வைத்திருந்தார்.

“அண்ணா, அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடு.”

“மாப்பிள்ளைகிட்ட சொல்லித் தொலையேன். கடிச்சா தின்னுடப் போறாரு?”

“திட்டினா பரவாயில்லையே. திட்டவே மாட்டாரு. அவங்க அக்கா முன்னாடி தலையக் குனிஞ்சுட்டு நிப்பாரு. அத என்னால பாக்க முடியாது.”

அண்ணன் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, காரின் நீலத்தையே அதன்மேல் அடித்தார். அவசரத்தில் மேற்பூச்சு மட்டும் ஒரே கோட்டு. பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. வெளியூரிலிருந்து திரும்பியவர் வாசலிலேயே நின்று, “வண்டிய என்ன இப்படிப் பளபளன்னு வச்சிருக்க!” என்று மெச்சிக்கொண்டார். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

(இதுவரை வாசித்த பெயின்ட் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: “விரல்ல மயிரிழை தெரியும்னு எழுதியிருக்கீங்க. எட்டு வருஷமா பானெட்ல பட்டி இருக்கறது தெரியலையாக்கும்?” நியாயமான கேள்வி. ஆனால் யார் பானெட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? அதோடு, அன்றிலிருந்து கார் கழுவுவதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. “உங்க முதுகு வலிக்கு ஆகாதுங்க” என்று வாளியைப் பிடுங்கிக்கொள்வாள். அவர் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார். அன்பும்தான்.)

4

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவர் தேய்க்கிறார், அவள் குவளையால் தண்ணீர் ஊற்றுகிறாள்.

“பாரு, பால் மாதிரி ஓடுது! மேல இருக்கறது மட்டும்தான் போகுது.”

“போதுங்க. நல்லாத்தான் இருக்கு.”

“எங்க நல்லா இருக்கு? இந்த ஓரம் இன்னும் தடுக்குது. தடுக்கற ஓரத்து மேல அடிச்சா மறுபடியும் உரியும். ஊத்து, ஊத்து.”

சீட்டி அடித்துக்கொண்டே தேய்த்தார். ஒரு பக்கம் பயமாக இருந்தாலும், இன்னொரு பக்கம் அவளுக்கு அந்தக் காலை பிடித்திருந்தது. ஒருத்தர் ஊற்ற ஒருத்தர் தேய்க்க இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை நாள் ஆயிற்று! அவர் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த வெள்ளையைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். “அட, இரு” என்று சொல்லிக்கொண்டே முகத்தைக் காட்டினார்.

பிறகு பானெட்டின் நடுப்பகுதிக்கு வந்தார். அங்கே மேற்பூச்சு உரியவில்லை, மங்கியிருந்தது, அவ்வளவுதான். பத்துத் தடவை தேய்த்திருப்பார். தண்ணீர் நீலமாக ஓடியது. அவர் கையை எடுப்பதற்குள் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

சீட்டி நின்றது. தாளைக் கீழே வைத்துவிட்டு அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

“நான் அழுத்தவே இல்லையே.”

அவள் ஊற்றுவதை நிறுத்தினாள்.

“அழுத்தியிருக்கேன். அழுத்தினது எனக்கே தெரியல.” விரல்களை ஒருதரம் மடக்கி விரித்து, “அப்ப அந்தப் பல்செட்டும் என் கைதான். நாளைக்கு லேப்ல சொல்லிடறேன். பெரிய வேலையெல்லாம் வேற யாராவது பாக்கட்டும்” என்றார்.

5

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். உண்மையைச் சொன்னால், இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்தச் சாம்பல் நிறத்தை எடுத்து வைத்திருந்தேன். அவரோ அதைப் பார்த்ததும் தன்னையே பிடித்துக் கொடுத்துவிட்டார். தேய்ந்து போனது அண்ணன் அடித்த அந்த ஒற்றைக் கோட்டு. பழி விழுந்தது முப்பது வருஷக் கைமேல்.

(மேற்பூச்சு என்பது இங்கே எதைக் குறிக்கிறது என்று யாரும் எழுதிக் கேட்க வேண்டாம். கார் பெயின்ட்டைக் குறிக்கிறது.)

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடுவாள். கீறலில்லாத பதினாலு வருஷமும் அவளுக்கே.

6

முடிவு ஒன்று. அவள் பேசவில்லை. நீலம் வாங்கி வந்து தொட்டுவைக்கிறார்கள், மேற்பூச்சு மூன்று கோட்டு அடிக்கிறார்கள், பானெட் ஜொலிக்கிறது. இதை இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. ஆனால் திங்கட்கிழமை அவர் லேப்பில் தன் மேஜையைக் காலி செய்யும் வரியை எழுத வேண்டியிருந்தது. “அவர் தன் சின்ன உளிகளை ஒவ்வொன்றாக...” என்னால் முடியவில்லை.

முடிவு இரண்டு. அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். எட்டு வருஷமாகத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாராம். நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே இதை எதிர்பார்த்திருப்பீர்கள். கடைக்காரரும் எதிர்பார்த்தார். வேண்டாம். தெரிந்திருந்தால் அந்த மனிதர் தன் விரல்களை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

முடிவு மூன்று. அக்கா வந்துவிடுகிறார். (கடவுளே, வேண்டாம்.)

7

அவள் குவளையைத் தரையில் வைத்தாள். அவருடைய ஈரக் கையைப் பிடித்தாள்.

“கண்ண மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்களேன்.”

மூடினார். அவருடைய நடுவிரலைச் சாம்பல் புள்ளிக்கு ஒரு சாண் இடப்பக்கம் வைத்தாள். “இப்ப மெதுவா இழுங்க” என்றாள்.

விரல் கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. எத்தனையோ வருஷமாக மேஜையில் அவர் தலை சாயும் அதே பக்கம் இப்போதும் சாய்ந்தது.

“இங்க ஒரு பள்ளம்” என்றார். “மயிரிழைதான். தள்ளி ஒரு மேடு. இது கம்பெனி தகரம் மாதிரி இல்லையே, பட்டி பூசியிருக்கு. யாரோ தட்டி நிமித்தியிருக்காங்க.”

“எங்க அண்ணன்.”

விரல் நின்றது.

“இடிச்சது நான். நின்னுட்டிருந்த லாரி. எட்டு வருஷம் ஆச்சு. மேற்பூச்சு ஒரு கோட்டுதான் அடிச்சான், அதான் உடனே போயிடுச்சு. உங்க கைக்கு ஒண்ணும் ஆகலீங்க.”

அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. விரலை மட்டும் அந்தப் பள்ளத்தில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார்.

இதுவரைதான் நான் எழுதுவேன். கண்ணைத் திறந்ததும் அவர் என்ன சொல்கிறார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அந்த நிமிஷமே மன்னித்துவிடுவார். என் ஆட்கள் எல்லாருமே இரக்கக் குணத்தில் கொஞ்சம் அசடுகள். எட்டு வருஷம் மறைத்ததற்கு அவளைச் சற்றுக் காக்க வைப்பது நியாயம்தான். வையுங்கள். ரொம்ப நேரம் மட்டும் வேண்டாம். அவள் இன்னும் அவர் கையை விடவில்லை.