வெள்ளை அரிசி வீடு

குயின் தெருவுக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் மத்தியான நேரம் நடந்துபோனால், யார் வீட்டில் என்ன அரிசி வேகிறது என்று மூக்கே சொல்லிவிடும். புழுங்கல் அரிசியின் வாசத்தை எந்தக் கதவைச் சாத்தியும் மறைக்க முடியாது. பினாங்குக்குக் கப்பலேறி வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்தச் சந்துக்காரர்கள் தொண்டையில் இறங்கியது புழுங்கல் சோறுதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அது தோட்டக் கூலி தின்கிற சோறு என்று ஊரில் ஒரு பேச்சு விழுந்துவிட்டது. விருந்தாளி வந்தால் சயாம் வெள்ளை அரிசி, மற்ற நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு புழுங்கல். வயிற்றுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று எத்தனை காலம்தான் ஓட்டினார்களோ!

சந்தின் முதல் வீடு ஹபீப் முகம்மதுவுடையது. இங்கிலீஷும் மலாயும் தெரிந்தவர். சுகாதார இலாகாவில் குமாஸ்தா. 1910-ஆம் வருஷம் பெரிபெரி நோயை ஆராய ஒரு டாக்டர் துரை வந்து இறங்கியபோது, கேட்டுச் சொல்லவும் புத்தகத்தில் எழுதவும் ஹபீபைத்தான் கூட அனுப்பினார்கள்.

நோய் இருந்தது சந்தின் கடைசியில், சீனக் கூலிகள் கூட்டமாகத் தங்கும் கொங்சி வீட்டில். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு வீங்கும். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார்கள், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் பன்னிரண்டு தமிழ் முஸ்லிம் வீடுகள், ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. ஒரே சந்து, ஒரே சாக்கடை, ஒரே குழாய்த் தண்ணீர். அப்புறம் எதில்தான் வித்தியாசம்? துரையின் கேள்வி அதுதான்.

துரைக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, கொங்சியின் ஈரத் தரையும் காற்றில்லாத அறையும். இன்னொன்று அரிசி. ஜாவாவிலுள்ள பட்டேவியாவில் வெள்ளை அரிசி போட்டு வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்ததாகவும், தவிட்டைக் கொடுத்ததும் எழுந்து நடந்ததாகவும் அவர் படித்திருந்தார்.

"கோழிக்கு வந்தா மனுசனுக்கும் வருமா தொர?" என்று ஹபீப் சிரித்தார்.

"அதைத்தான் வீடு வீடாகக் கேட்டு எழுதப் போகிறோம்" என்றார் துரை. அவர் சிரிக்கவில்லை.

புத்தகத்தில் கட்டம் போட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், தரை ஈரமா காய்ந்ததா, சன்னல் எத்தனை, என்ன அரிசி, நோயாளி உண்டா. முதல் வீடு ஹபீபின் சொந்த வீடு. உள்ளே அடுப்பில் புழுங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஆறு மாதக் கர்ப்பிணியாக அவர் மனைவி ஜன்னத் நின்றாள்.

"உன் வீட்டில் என்ன அரிசி, ஹபீப்?"

"வெள்ளை அரிசிதான் தொர."

எப்படித்தான் வாயில் வந்ததோ. துரைமேல் அவருக்கு மரியாதை, தன்மேலும் கொஞ்சம் கூடுதலாகவே மரியாதை. திரைக்குப் பின்னால் ஜன்னத் இருமினாள். துரையின் மூக்குக்கு அந்த வாசம் பழக்கமில்லை. ஹபீப் குனிந்து, முத்து முத்தான எழுத்தில் எழுதிவிட்டார்.

குமாஸ்தா வீட்டிலேயே வெள்ளை அரிசி என்றால் மற்றவர்கள் இறங்கிப் போவார்களா? அடுத்த வீட்டு மசாலாக் கடை சீனி முகம்மது மார்பை நிமிர்த்திக்கொண்டு, "சயாம் அரிசி, தம்பி. வேற எதுவும் நமக்கு எறங்காதுலா. நல்லா எழுதிக்க" என்றார். அவர் வீட்டுக்குள்ளிருந்தும் புழுங்கல் வாசம் ஆளைத் தூக்கியது. ஹபீபுக்குத் தெரியாதா? ஆனால் பெரிய மனிதரை முகத்துக்கு நேரே பொய்யர் என்று எப்படிச் சொல்வது? எழுதினார். பன்னிரண்டு வீட்டுக்கும் வெள்ளை அரிசி என்றே எழுதினார்.

கொங்சியிலும் வெள்ளை அரிசி. அவர்கள் சொன்னது மட்டும் நிஜம்.

துரை இரண்டு நாள் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயும் வெள்ளை அரிசி, அங்கேயும் வெள்ளை அரிசி. இங்கே நோயில்லை, அங்கே சாகிறார்கள். அப்படியானால் அரிசி காரணமில்லை. வீடுதான் காரணம் என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டார். கொங்சிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், சுவரை உடைத்துச் சன்னல் வைத்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே இரண்டு பேர் செத்தார்கள்.

ஹபீபுக்கு வேறு உறுத்தல். சர்க்கார் புத்தகத்தில் தன் கையாலேயே பொய் எழுதிவிட்டோமே என்று தொழுகையில் நிற்கும்போதெல்லாம் மனசு அரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு வழி தோன்றியது. எழுதியதை நிஜமாக்கிவிட்டால் அது பொய் இல்லையே! அன்றைக்கே இருப்பதில் உயர்ந்த சயாம் அரிசியாகப் பார்த்து ஒரு மூட்டை வாங்கி வந்து இறக்கினார்.

"சப்புன்னு இருக்குங்க. எனக்குப் பழைய அரிசியே போதும்" என்றாள் ஜன்னத்.

"புள்ளத்தாச்சி நல்லதாச் சாப்புடணும். இனிமே நம்ம வீட்ல இதான்."

அவர் மத்தியானம் ஆபீஸ் பக்கத்துக் கடையில் சாப்பிடுவார், இரவில் ரொட்டி. ஆக அந்த அரிசியைத் தின்றவள் ஜன்னத் ஒருத்திதான். புழுங்கலில் தங்கும் தவிட்டுச் சத்து இதில் துளியும் இல்லை; தவிடு போகத் தீட்டித் தீட்டி மல்லிகை மாதிரி இருந்தது சோறு. பெண் குழந்தை பிறந்தது, ரொஸ்னா என்று பெயர் வைத்தார்கள். மருத்துவச்சி காமாரியா நாற்பது நாள் பத்தியம் போட்டாள். வெறும் சோறு, சுட்ட கருவாடு, மிளகு. கீரை கூடாது, பருப்பு கூடாது, தேங்காய் கூடாது. கால் மரமரவென்று இருக்கிறது என்று ஜன்னத் சொன்னபோது, பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றாள். நாற்பது கழிந்த பிறகும், பால் கொடுக்கிறவள் கண்டதையும் தின்னக்கூடாது என்று பத்தியம் நீண்டது. ஹபீப் மனைவியை ராணி மாதிரி வைத்திருப்பதாகச் சந்தே பேசிக்கொண்டது.

எழுபதாம் நாள் ரொஸ்னாவின் அழுகையில் சத்தம் போயிற்று.

வாய் திறந்தது, முகம் சிவந்தது, கைகால் உதறியது. சத்தம் மட்டும் வரவில்லை. குடித்த பாலைக் கக்கியது. கன்னம் உப்பி, மூச்சு இழுத்தது. அந்த ஊமை அழுகையைப் பார்க்க முடியாமல் ஹபீப் ஆபீசுக்கு ஓடித் துரையைக் கையோடு கூட்டி வந்தார்.

துரை குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஜன்னத்தின் காலை அமுக்கிப் பார்த்தார். தரையைத் தொட்டுப் பார்த்தார், சன்னல்களை எண்ணினார்.

"கொங்சியில் கண்டது மாதிரியே இருக்கிறது. ஆனால் உன் வீட்டுத் தரை காய்ந்திருக்கிறது, காற்று வருகிறது. அரிசி காரணமில்லை என்று நாமே எழுதியிருக்கிறோம். பன்னிரண்டு வீட்டில் தின்கிறார்கள், ஒருவருக்கும் வரவில்லையே. எனக்குப் பிடிபடவில்லை, ஹபீப்."

பன்னிரண்டு வீடா? இந்தச் சந்தில் நிஜமாக வெள்ளை அரிசி தின்கிற வீடு ஒன்றே ஒன்று. ஹபீப் துரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொர, அது அத்தனையும் பொய். எல்லா வீட்லயும் புழுங்கல்தான். வெக்கப்பட்டுச் சொல்லல. நானும் தெரிஞ்சே எழுதிட்டேன். இவ ஒருத்திதான் வெள்ளை அரிசி சாப்புட்டா. என் புள்ளையக் காப்பாத்துங்க."

துரை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். சீனி முகம்மது தோளில் துண்டோடு வந்து நின்றார். ஹபீப் கேள்வியை மொழிபெயர்த்துவிட்டு, "அண்ணே, உள்ளதைச் சொல்லுங்க. கொழந்த உசுரு" என்றும் சேர்த்துச் சொன்னார்.

சீனி முகம்மது துரையைப் பார்த்தார், துரை கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். சர்க்காரிடம் பொய் சொன்னால் ஜெயில் என்பது அவர் பயம். மகளுக்குச் சம்பந்தம் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளை அரிசிதான்" என்றார், மலாயில், துரைக்கே புரியும்படி.

"பிள்ளைக் கவலையில் ஏதோ பேசுகிறாய்" என்று துரை ஹபீபின் தோளைத் தட்டினார். நெஞ்சுக்கு ஒரு மருந்துச் சீசா கொடுத்து, மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லி என்ன? அவருக்குப் புத்தகம்தான் சாட்சி, அந்தப் புத்தகத்தை எழுதியவர் இதோ நிற்கிறார்.

கொல்லையில் கோழிகள் கொழுகொழுவென்று திரிந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு நிறையத் தவிடு. பட்டேவியாக் கோழிகள் ஹபீபுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இரண்டு கையாலும் தவிட்டை அள்ளி வந்து வெந்நீரில் ஊற வைத்தார், துணியில் வடிகட்டினார், திரி முறுக்கிக் குழந்தையின் உதட்டில் சொட்டினார். உதட்டோரம் வழிந்தது. "முழுங்கு தாயி, ஒரு சொட்டு முழுங்கு" என்று ஜன்னத் கெஞ்சினாள். மறுபடி சொட்டினார், மறுபடி வழிந்தது. பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு சொல்வதற்குள் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சீனி முகம்மது வந்தார். மடியிலிருந்து ஒரு பிடி புழுங்கல் அரிசியை எடுத்துத் தரையில் வைத்தார்.

"தொரகிட்ட கூட்டிட்டுப் போ, தம்பி. ஜெயில்னாலும் சரி, நான் சொல்லிர்றேன்."

"இப்ப எதுக்குண்ணே?" என்றார் ஹபீப். கோபம்கூட வரவில்லை அவருக்கு. ஆனாலும் கூட்டிப்போனார்.

துரை இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, ஜன்னத்துக்குத் தினமும் தவிட்டுக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் அவள் கால் தேறிவிட்டது. எழுந்து நடந்தாள். நடக்க முடிகிறது என்று தெரிந்த அன்றுதான் அவள் ஓங்கி அழுதாள்.

மறுநாள் துரை அந்தப் புத்தகத்தை எடுத்தார். சிவப்புப் பென்சிலால் கடைசி வீட்டிலிருந்து மேலே வந்தார். ஹபீப் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வெள்ளை என்பதை அடித்துப் புழுங்கல் என்று எழுதினார். பதினொரு வீடு முடிந்து முதல் வரியில் பென்சில் நின்றது.

"இது?"

"அதை அடிக்க வேணாம் தொர. எழுதறப்ப பொய். அப்புறம் நாந்தான் அரிசி வாங்கிட்டு வந்து நெசமாக்கிட்டேன்."

துரை தலை நிமிரவில்லை. புத்தகத்தைத் திருப்பி ஹபீபின் பக்கம் நகர்த்தினார். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில், நோயாளி என்ற இடத்தில், இல்லை என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. ஹபீப் பேனாவை எடுத்து அதை அடித்தார். மேலே, ஒன்று, வயது எழுபது நாள் என்று எழுதினார்.