சும்மா இருக்காத கை

ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டில் யார் கையும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஐந்து வயதிலிருந்தே அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவேன். புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, கண் பாடத்திலும் கை பெட்டியிலுமாகத்தான் பி.ஏ. பொருளாதாரம் வரைக்கும் படித்தேன். அறுபத்தாறில் விருதுநகரில் எங்கள் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள் இந்தச் சண்முகத்தாய்தான். கர்வம் என்றால் கர்வம்தான்.

கர்வம் வேலை வாங்கித் தருமா? மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. கிடைத்தால் மதுரை. கிடைக்காவிட்டால் ஆவணியில் மாமன் மகன் இருளாண்டிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். பந்தக்கால் ஊன்ற நாள்கூடப் பார்த்து விட்டார்கள்.

கல்லூரியில் பேராசிரியை ஷரீஃபுன்னிசா எனக்கு ஒத்திகை வைத்தார். நான் பேசப் பேச, விரல்கள் சேலைத் தலைப்பை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தன.

"எதுக்கு இந்தப் பரபரப்பு? கையை மடியில வச்சு அசையாம இரு" என்றார்.

பத்து நாள் பழகினேன். பஸ்ஸில்கூடக் கையை மடியில் கோத்தே உட்கார்ந்தேன். பைத்தியம் பிடிக்காத குறை.

மதுரையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "போன மாதம் ரூபாயின் மதிப்பை ஏன் குறைத்தார்கள்?" என்றார் நடுவில் இருந்தவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் மடியில் கடிதத்தின் மேல் கை அசையாமல் இருந்ததால் வாயும் அசைய மறுத்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருளாண்டியின் மீசை கண்முன் வந்து நின்றது.

பிறகு எப்படியோ பதில் வந்தது. ஏற்றுமதி, இறக்குமதி, வறட்சி என்று மடமடவென்று கொட்டினேன். அடுத்த கேள்விக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும் அப்படியே.

"சரிம்மா, கடிதத்தைக் கொடுங்க. சீல் வைக்கணும்."

மடியைப் பார்த்தேன். கடிதம் தீப்பெட்டியாகியிருந்தது. குச்சி அடுக்கும் அடிப்பெட்டி, அளவு தப்பாமல். பசை இல்லாததால் மூலைகளை உள்ளே செருகியிருந்தேன். மேஜையில் வைத்தபோது வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கே படிச்சீங்க?"

"வீட்டுல சார். ஆனைக்குட்டத்துல."

"பெட்டியைக் கேட்கலைம்மா. சொன்ன பதிலை எல்லாம்."

"ரெண்டையும் ஒண்ணாத்தான் சார் படிச்சேன்."

மூன்று பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கடிதத்தை மெல்லப் பிரித்து, நீவி, மடிப்பின் மேலேயே சீலைக் குத்தினார்.

அதன்பிறகு தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். ஆடிக் கடைசியில் உத்தரவு வந்தது. வேலை எனக்குத்தான்! அம்மா பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாசிட்டி" என்றாள். வாசித்தேன். கேட்டுக்கொண்டே அழுதவள், திடீரென்று என் கையைப் பார்த்து அலறினாள்.

"ஏட்டி, அதையும் மடிச்சிப்புடாத!"

அதற்குள் ஒரு மூலை மடிந்திருந்தது.