வீகர் வாங்கி வந்த கேக்

மழைத்தூறலில் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பெரிய கேக் பெட்டியைச் சாயாமல் ஏந்தியபடி வீகர் பாலத்தில் வருவதை ரூலின் அலுவலக மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவளால் அப்படி ஓட்ட முடியாது. பெட்டி சாய்ந்துவிடும்.

உட்ரெக்ட் நகரத்து அந்த அலுவலகத்தில் யாருக்கு நல்லது நடக்கிறதோ அவர்தான் கேக் வாங்கி வர வேண்டும். பெட்டியைப் பார்த்ததுமே ரூலினுக்கு வாக்கெடுப்புதான் நினைவுக்கு வந்தது. நிறுவனத்தின் அடுத்த இயக்குநர் யார் என்று அன்று மதியம்தான் பங்குதாரர்கள் வாக்களிக்கப் போகிறார்கள். இரண்டே பெயர்கள்: அவள், வீகர். ஆனால் முந்தின நாள் மாலை வீகரும் தலைவர் டீடரிக்கும் கால்வாயோரக் கடையில் பியர் குடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரோட்டர்டாம் துறைமுக வேலைக்கான திட்டத்தை எழுதியது அவள். மேடையில் பேசியது அவன். அந்தப் பிரிவுக்குத் தலைவனானதும் அவன்தான். புதன்கிழமைகளில் அவன் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பான். "எவ்வளவு நல்ல அப்பா" என்பார்கள். அவள் ஐந்து நாளும் வந்தாள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

காபி எடுக்க இறங்கியபோது வரவேற்பு மேசையிலிருந்த அன்னெமீக் எழுந்து வந்து கைகுலுக்கினாள்.

"வீகருக்காக உங்களுக்கும் வாழ்த்துகள், ரூலின்!"

ஒருவருக்கு நல்லது நடந்தால் அவர் கூட இருப்பவர்களையும் வாழ்த்துவதுதான் ஊர் வழக்கம். ஆக, வரவேற்பு மேசை வரைக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

காபியை அங்கேயே வைத்துவிட்டு நேராக டீடரிக்கின் அறைக்குப் போனாள். அறிவிக்கும்போது தோற்றவளாக உட்கார்ந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

"என் பேரை எடுத்துடுங்க, டீடரிக். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னைக்கா சொல்ற? நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு."

"பாதிப் பேருக்கு மேல உன் பக்கம் இருந்தாங்க. நானும்தான்."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். பொய்யை இவ்வளவு நேராகக் கண்ணைப் பார்த்துச் சொல்ல எங்கே கற்றார்!

"வேண்டாம்னா வேண்டாம்."

"சரி," என்றார் டீடரிக். அங்கே யாரும் யாரையும் கெஞ்சுவதில்லை.

பத்தரைக்கு எல்லாரும் சமையலறையில் கூடினார்கள். வீகரின் நாற்காலிக்கு மேலே காகிதக் கொடிகள் தொங்கின. அவன் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். ரூலின் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"வாழ்த்துகள், இயக்குநரே!"

"ஏய், கிண்டலா? ஓட்டே இன்னும் போடல. அதுவும் நீதான் ஜெயிக்கப் போறேன்னு டீடரிக் நேத்து என் பியரைக் குடிச்சுக்கிட்டே சொன்னாரு. ஒரு வயசு கூடினதுக்குத்தான் இந்த கேக்." பிறகு குரலைத் தணித்தான். "வருஷா வருஷம் முதல் போன் உன்னோடதுதான். இந்தத் தடவை காணோமேன்னு பாத்தேன்."

அந்த ஊரில் எல்லார் வீட்டையும் போல அவள் வீட்டிலும் பிறந்தநாள் காலண்டர் கழிப்பறையில்தான் தொங்கியது. ரோட்டர்டாம் அவன் கைக்குப் போன பிறகு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினாள். எல்லாப் பெயர்களையும் பார்த்து எழுதினாள், அவன் பெயரைத் தவிர. அந்த வெற்றுக் கட்டத்துக்கு எதிரேதான் அன்று காலையும் உட்கார்ந்திருந்தாள்.

டீடரிக் உள்ளே வந்தார். "மதியக் கூட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும். ரூலின் விலகிட்டா. மிச்சம் ஒரே பேர்தான். வீகர், வாழ்த்துகள்."

அறையே அவள் பக்கம் திரும்பியது. இப்போதுகூடச் சொல்லிவிடலாம். கேக் பெட்டியைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். ஆனால் ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்பார்கள். அவன் பிறந்தநாள்கூட உனக்கு மறந்துவிட்டதா என்பார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்காகவா விட்டுக்கொடுத்த?" வீகரின் கண்கள் கலங்கியிருந்தன.

"பிறந்தநாள் பரிசுன்னு வச்சுக்கோ," என்றாள் ரூலின்.

எல்லாரும் கைதட்டினார்கள். "அப்ப நாளைக்கும் நீங்கதான் கேக் வாங்கணும், வீகர்!" என்று அன்னெமீக் கத்தினாள். "இதே கடையில!"

வீகர் இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்து அவள் தட்டில் வைத்தான். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஆப்பிளும் பட்டையும், மேலே கெட்டிப் பாலாடை. நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.