மூன்றாம் கட்டிலுக்கு வந்த புது மருந்து

அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகன் இரண்டாம் கட்டில், அவள் மகள் மூன்றாம் கட்டில். இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தப் புற்றுநோய், ஒரே வாரத்தில்தான் சேர்த்தோம். அந்த வார்டில் அம்மாக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டாக்டர் தலை மறைந்ததும் பக்கத்துக் கட்டில் ஃபைலைப் புரட்டிவிடுவோம். யார் பிள்ளைக்கு ரத்த அணு எவ்வளவு, யாருக்கு என்ன மருந்து என்று பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிடுவோம்.

அப்படித்தான் அவள் மகளின் ஃபைலில் கேள்விப்படாத ஒரு மருந்தின் பெயரைப் பார்த்தேன்.

"புதுசா வந்திருக்காம் அக்கா. இந்த வார்டுலயே எம்பொண்ணுக்கு மட்டும்தான்," என்றாள் அவள்.

"நல்லதுதானே," என்றேன். உள்ளே கொதித்தது. நர்சிடம் பல்லைக் காட்டியே காரியத்தைச் சாதித்துவிட்டாள். நான் வாயில்லாப் பூச்சி, அதனால் என் பிள்ளைக்குப் பழைய மருந்து. மகனுக்குச் சோறு ஊட்டும்போதுகூட என் கண் அந்தப் பெண்ணின் மருந்துப் பாட்டிலில்தான் இருந்தது.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறையில் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"எம்பையன் என்ன பாவம் பண்ணான்? அவனுக்கும் அந்த மருந்த எழுதுங்க."

அவர் என்னை உட்காரச் சொன்னார். "அடுத்தவங்க விஷயத்த நான் பேசமாட்டேன். மருந்தப் பத்தி மட்டும் சொல்றேன். ரத்தத்துல செல்லுங்க கண்டபடி பெருகாம அடக்கி வைக்கிற ஜீன் சிலது இருக்கு. சில பிள்ளைங்களுக்கு அது கெட்டுப்போகாமலே, மேல மூடி போட்ட மாதிரி வேலை செய்யாம நின்னுடும். வழக்கமான மருந்தும் கேக்காது. அந்த மூடியத் திறக்க முடியுமான்னு பாக்கத்தான் இது. வேற வழி இல்லாதப்பதான் குடுப்போம். உங்க பையனுக்கு முதல் மாச மருந்தே நல்லா கேட்டிருக்கு."

ஃபைலில் அதெல்லாம் எழுதித்தான் இருந்திருக்கும். நான் மருந்துப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். வார்டுக் கதவைத் தள்ளும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னக்கா சொன்னாங்க? உங்களுக்கும் உண்டா?" என்று கேட்டாள். அழுது துடைத்த முகம். அவளிடமும் எல்லாம் சொல்லியிருப்பார்கள். அதில் 'புதுசு' என்ற ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கிடையாதாம்," என்றேன். "நீ குடுத்து வச்சவ. எனக்கு ஒரே பொறாமையா இருக்கு."

"கண்ணு வைக்காதீங்கக்கா," என்றாள் பெருமையாக.

வைக்கிற மாதிரியே பார்த்தேன்.